பேசிக்கொண்டே நீந்து

காலையில் அவன்தான் முதலில் எழுவான். கெட்டிலில் தண்ணீர் வைப்பான். இரண்டு கோப்பைகளைக் கழுவித் துடைத்து வைப்பான். பால்கனிக் கம்பியில் காய்ந்த நீச்சல் உடை, துண்டு, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்து அவளுடைய நீலப் பையில் போடுவான். விசிலை மட்டும் தனியாக, முன்பக்க ஜிப்பில். பிறகு ஒரு ரொட்டித் துண்டோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருவான். அவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி வாங்கி, படுத்தபடியே மெல்லுவாள். வெறும் வயிற்றோடு எழுந்தால் குமட்டும். தலையணை எல்லாம் துகள் உதிரும். அவன் அதைத் தட்டிவிடுவான். அவள் எழுந்து குளியலறைக்குப் போவாள். தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது ஏற்பாடு. அவன் கதவுக்கு வெளியே நிற்பான்.

"ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல."

ரத்தம் என்ற சொல்லை இருவருமே வீட்டில் சொல்வதில்லை.

போன வருடம் ஒரு முறை அது வந்துவிட்டது. அவள் பொது நீச்சல்குளத்தில் பயிற்சியாளர். பிள்ளைகள் விசிலக்கா என்று கூப்பிடுவார்கள். கர்ப்பம் என்று தெரிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆழப் பகுதியில் ஒரு சிறுமி கைதட்டுவதுபோல் தண்ணீரை அடித்துக்கொண்டு மூழ்கினாள். விசிலக்கா உடுத்தியிருந்த உடுப்போடு கரையிலிருந்து குதித்து அவளைத் தூக்கி வந்தாள். சிறுமி இருமினாள், அழுதாள், பிழைத்தாள். அந்த வாரமே கரு கலைந்தது.

டாக்டரம்மா திட்டவட்டமாகச் சொன்னார். "ஆரம்பத்துல கலையறது பெரும்பாலும் கருவுலயே இருக்கற கோளாறு. குதிச்சதால இல்ல, நீந்தினதால இல்ல. அதை மனசுல வச்சுக்காதீங்க."

அவன் தலையாட்டினான். பொறியியல் படித்தவன். காரணம் வேறு, ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பது வேறு என்று தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு குளத்துக்குப் போனபோதெல்லாம் ஆழப் பகுதியின் கரையை ஒரு கணம் பார்ப்பான். அவன் பார்ப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

இப்போது மறுபடியும். இந்த முறை சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

"நீந்தலாமா?" அதுதான் டாக்டரம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"வழக்கமா செய்யறதைச் செய்யலாம். உடம்பு அசையறது நல்லதுதான். புதுசா எதையும் ஆரம்பிக்காதீங்க. மேலேருந்து குதிக்கறது வேண்டாம், மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள போறது வேண்டாம். உடம்பு சூடாகக் கூடாது. நீந்தும்போது பேச முடியணும். பேச முடியாம மூச்சு வாங்கினா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், குறைச்சுக்குங்க."

"பேச்சா? அதுல எனக்குக் குறையே இல்ல டாக்டர்."

"ரத்தம் பட்டாலோ, வலி வந்தாலோ, தலை சுத்தினாலோ அப்படியே நிறுத்திட்டு நேரா இங்க வரணும். காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் அடுத்த வாரம். எங்க இருக்குன்னு அதுல தெரிஞ்சுடும்."

வெளியே வந்து படியிறங்கும்போது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க இருக்குன்னு தெரியுமாம். எங்க இருக்கும்? பக்கத்து வீட்டுலயா?"

அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் அடுத்த படியில் சரியாகக் கால் வைக்கிறாளா என்று பார்த்தான்.

அவளுடைய அம்மாவுக்கு இந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. தினமும் போன். அவள் எடுக்காவிட்டால் அவனுக்கு.

"மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதா? தவளை மாதிரி தண்ணியிலயே கெடந்தா குழந்தை வாலோட பொறக்கும்."

"டாக்டரே நீந்தலாம்னு சொல்லிட்டாங்க அத்தை."

"டாக்டரா வந்து பெத்துக்கப் போறாங்க? அவளைக் கட்டில்ல கட்டிப் போடுங்க."

"கயிறு நம்மகிட்ட நிறைய இருக்கு அத்தை, அவ சம்மதிக்கணுமே."

அவன் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். கயிறு பற்றிய நகைச்சுவை அந்தக் குடும்பத்தில் அடிக்கடி செலவாகும் சரக்கு.

அத்தையைச் சமாளித்துவிட்டான். தன்னைத்தான் சமாளிக்க முடியவில்லை. கைபேசியில் தேடித் தேடிப் படித்தான். வழுக்கி விழுவது பற்றிப் படித்துவிட்டுக் குளியலறைக்கு ரப்பர் விரிப்பு வாங்கினான். சூடு பற்றிப் படித்துவிட்டுக் குளத்துத் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தான். ஒன்றைப் படித்ததும் அடுத்ததைத் தேடினான். கடைசியில் அவளை உட்காரவைத்து ஒரு ஒப்பந்தம் பேசினான்.

"தினமும் நான் வருவேன். கரையில உக்காந்திருப்பேன். நீ பேசிக்கிட்டே நீந்தணும். பேச்சு நின்னா வெளிய வந்துடணும்."

"சரி."

"வயித்துல சின்னதா எது பண்ணினாலும் சரி, அன்னிக்கோட குளத்துக்கு முழுக்கு. குழந்தை பொறக்கற வரைக்கும்."

"அது அநியாயம்டா."

"சம்மதமா இல்லையா?"

அவள் அவனையே பார்த்தாள். குளம் இல்லாத நாள் அவளுக்கு விடியாத நாள். அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அதைப் பணயம் வைத்தான்.

"சம்மதம் சார்," என்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

குளம் திறந்ததும் முதலில் வருகிறவர்கள் முட்டிவலிக்காரப் பெண்கள். இடுப்பளவு தண்ணீரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு டெய்லரம்மா. வேலைக்குப் போகும் சீருடையோடு, பூட்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, மடியில் நீலப் பையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவனைப் பார்த்து முதல் நாளே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, பொண்டாட்டி தண்ணியில கரைஞ்சுடுவாளோன்னு காவலா?"

"சும்மாதாம்மா."

"என் வீட்டுக்காரரும் இருந்தாரே! நான் கெணத்துல விழுந்தாக்கூட சாப்பாடு வச்சுட்டு விழுன்னுவாரு."

அவள் தலையைத் தூக்கியபடி, தவளை நீச்சலில், அவசரமே இல்லாமல் வருவாள். வரும்போது பேசுவாள். புதிதாகச் சேர்ந்த பையன் தண்ணீருக்குள் கொட்டாவி விட்டது, மேனேஜரின் விக் கழன்று வடிகட்டியில் சிக்கியது, வாசலில் சீட்டுக் கொடுக்கும் டிக்கெட் அக்காவின் மகள் யாரையோ காதலிப்பது. எல்லாம் அந்தக் கூரைக்குக் கீழே எதிரொலித்தபடி அவனிடம் வரும். டெய்லரம்மா கூட்டம் நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

அவன் கதையைக் கேட்கவில்லை. அதன் நடுவில் மூச்சு எங்கே விழுகிறது என்று கேட்டான். ஓடும் மோட்டாருக்குக் காது கொடுத்துப் பழகியவன். சத்தம் சீராக இருக்கும் வரை மனம் ஒரு இடத்தில் நிற்கும். அவள் ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும், பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

ஸ்கேனுக்கு முந்தின நாள் பேச்சு நின்றது.

பாதித் தூரத்தில் இருந்தாள். மேனேஜர் கதையில் ஏதோ ஒரு திருப்பத்துக்கு வந்திருந்தாள். "அப்புறம் அந்த ஆளு என்ன பண்ணினான் தெரியுமா" என்றவள் அதோடு வாயை மூடிக்கொண்டாள். அவன் எழுந்துவிட்டான். அவள் பாதை பிரிக்கும் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் சுருங்கியிருந்தது.

"என்ன? வயிறா?"

"இல்ல."

"வெளிய வா. முதல்ல வெளிய வா."

"கத்தாதடா, எல்லாரும் பாக்கறாங்க. தோளு. அந்தப் பழைய வலிதான்."

ஏணிப் பிடியைப் பிடித்து ஏறி வந்தாள். அவன் துண்டைப் போர்த்தினான். அவள் இடது கையால் வலது தோளின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோள் இருவருக்கும் பழக்கம். போட்டிகளில் நீந்திய காலத்திலிருந்தே அவ்வப்போது மக்கர் செய்யும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அவன் அதற்குத் தைலம் தேய்த்திருக்கிறான்.

"தோள்தானே? நிச்சயமா?"

"தோள்தாண்டா. உள்ளுக்குள்ள குத்துது. ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தது."

"வயிறு?"

ஒரு கணம் தாமதித்தாள். அந்த ஒரு கணத்தை அவன் கவனித்தான். கவனித்தும், அது கோபம் என்று நினைத்தான்.

"வயிறு நல்லா இருக்கு. நூறு தடவ கேக்காத."

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அதை அவன் பிறகு மறக்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தான். வலி என்றதும் அவனுக்கு உண்டானது நிம்மதி. வயிறு இல்லை, தோள். தெரிந்த வலி, வயிற்றிலிருந்து தூரத்தில் இருக்கும் வலி. உடை மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் அவளை உட்காரவைத்துத் தைலம் தேய்த்தான். டெய்லரம்மா தண்ணீரிலிருந்தே "நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுப்பா, எனக்கும் ரெண்டு தோள் இருக்கு" என்றார். அவள் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. குளத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் உதடு வெளுத்துத்தான் இருக்கும்.

"இன்னிக்கு லீவு போடு."

"பிள்ளைங்க வருவாங்க. தண்ணியில இறங்க மாட்டேன், கரையில நின்னு விசில் ஊதறேன். போதுமா?"

"குதிக்கக் கூடாது."

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "தெரியும்," என்றாள்.

அன்று அவனுக்கு வேலை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில். கூட வந்தவருக்கு ப்ரேக் அண்ணன் என்று பெயர். வழியில் எந்தத் தேநீர்க் கடையைக் கண்டாலும் நின்றுவிடுவார் என்பதால் வந்த பெயர். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று மாடி மாடியாகக் கதவுப் பூட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி கையில் காய்கறிப் பையோடு எட்டிப் பார்த்தார்.

"கயிறு நல்லா இருக்கா தம்பி? அறுந்துடாதே?"

"அந்தக் கயித்துல யானையக் கட்டித் தொங்கவிடலாம் மா, தைரியமா போங்க," என்றார் ப்ரேக்.

அந்தம்மா போனதும் இவனிடம் திரும்பினார். "எல்லாருக்கும் கயித்து மேலதான் பயம் தம்பி. இத்தனை வருஷத்துல ஒரு கயிறு அறுந்து பாத்தோமா நாம? போனவன்லாம் கதவுல போனவன். பெட்டி வராமயே கதவு தொறந்துக்கும், ஏதோ ஞாபகத்துல கால எடுத்து உள்ள வச்சுடுவான். இந்தக் கதவப் பத்தி ஒருத்தர் கேக்கணுமே!"

அவன் இதைப் பலமுறை கேட்டிருக்கிறான். தலையாட்டியபடி பூட்டின் இடைவெளியை அளந்தான். போன் அடித்தது. டிக்கெட் அக்கா.

"தம்பி, பதறாதீங்க. விசிலு மயங்கி விழுந்துட்டா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. நீங்க வாங்க."

அவன் லிஃப்ட் கூண்டிலிருந்து எப்படி இறங்கினான் என்று அவனுக்கே நினைவில்லை. வேனை ப்ரேக் ஓட்டினார். எங்கேயும் நிற்கவில்லை. சிவப்பு விளக்குகளில்கூட நிற்கவில்லை. வழியெல்லாம் இவன் கண்ணுக்குள் ஆழப் பகுதியின் கரை ஒன்றுதான் இருந்தது. அந்த மஞ்சள் கோடு. அங்கிருந்து அவள் பாய்வது.  

குளத்தில் ஒரு சத்தம் இல்லை. பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரமாக வரிசையாக நின்றிருந்தார்கள். முதலுதவி அறையின் கதவு திறந்திருந்தது. ஒடுக்கமான கட்டிலில் அவள் படுத்திருந்தாள். முகம் காகித நிறம். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக. டிக்கெட் அக்கா அவள் காலடியில் இரண்டு மிதவைப் பலகைகளை வைத்துக் கால்களைத் தூக்கி வைத்திருந்தார். கழுத்தில் விசில்.

அவன் அருகே மண்டியிட்டான். வாயில் முதலில் வந்தது ஒரே சொல்.

"குதிச்சியா?"

அவள் கண்ணைத் திறந்து அவனைத் தேடினாள். உதடு அசைந்தது. கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தான். அவள் சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"சரி. பேசாத," என்றான் அவன். "பேசாத. பேசாத."

அவள் பேசவில்லை.

ஆம்புலன்ஸில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கை ஜில்லென்றிருந்தது. மருத்துவமனையில் கதவுகள் திறந்தன, மூடின. ஒரு நர்ஸ் அவனிடம் நீலப் பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். யாரோ அதை வண்டியில் போட்டிருக்கிறார்கள். அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். காலையில் உட்கார்ந்திருந்த மாதிரியே.

வெளியே வந்த அறுவை மருத்துவர் இளைஞர். இவன் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டே சொன்னார்.

"கரு கர்ப்பப்பைக்கு வந்து சேரல. குழாயிலயே தங்கி வளர்ந்திருக்கு. குழாய் கிழிஞ்சு உள்ளயே ரத்தம் கொட்டியிருக்கு, வெளிய ஒரு சொட்டு வரல. எங்களால முடிஞ்சதைப் பண்ணினோம். சாரி."

எங்கே இருக்கிறது என்று. பக்கத்து வீட்டிலா என்று.

"காலையிலேருந்து எதாவது சொன்னாங்களா? வலி, தலைசுத்தல்?"

"தோள் வலின்னா."

மருத்துவர் நிமிர்ந்தார். "தோள் நுனியிலயா?"

"அவ நீச்சல் டீச்சர். அடிக்கடி வரும். தைலம் தேச்சேன்."

"வயித்துக்குள்ள கசியற ரத்தம் மேல போய் உதரவிதானத்த உறுத்தினா, அது தோள்ல வலிக்கற மாதிரி இருக்கும். பல பேருக்குத் தெரியாது." பிறகு, "வயித்துல ஒரு பக்கமா லேசா வலி இருந்திருக்கணுமே. சொல்லலையா?" என்றார்.

அவன் அந்த ஒரு கணத்தை நினைத்துக்கொண்டான். அவள் தாமதித்த அந்தக் கணம். வயிற்றில் சின்னதாக எது பண்ணினாலும் குளத்துக்கு முழுக்கு. சம்மதம் சார்.

"சொல்லல."

"நீந்தினதால வந்தது இல்ல இது. அதை நீங்க தெரிஞ்சுக்கணும். கட்டில விட்டு இறங்காம இருந்திருந்தாலும் கிழிஞ்சிருக்கும்."

"காலையில கூட்டிட்டு வந்திருந்தா?"

மருத்துவர் கையிலிருந்த தொப்பியைப் பிரித்தார், மறுபடி மடித்தார்.  இவன் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அத்தை மறுநாள் வந்தார். தவளை என்றோ வால் என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. அவன் எதிரே தரையில் உட்கார்ந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, கடைசியா எம்பொண்ணு என்ன சொன்னா? எதாவது சொன்னாளா?"

அவன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேட்டா அத்தை. அம்மா வரட்டும்னா."

அத்தை கதறிவிட்டார். ஆனால் அந்தக் கதறலில் ஒரு பிடிமானம் இருந்தது. வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது வளர்ந்தது. அம்மா வரட்டும் என்றாள். அம்மா மடியில் படுக்கணும் என்றாள். அப்பா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டெய்லரம்மா வந்து, பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பச் சொன்னாளாமே என்றார். அதையும் அவன் மறுக்கவில்லை. ப்ரேக் அண்ணன் ஒரு தேநீரை வாங்கி வந்து அவன் கையில் வைத்துவிட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

டிக்கெட் அக்கா மட்டும் வாசலோடு நின்றார். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தார். முதலுதவி அறையில் அவள் சொன்னதை, அவனைத் தவிர, கேட்டவர் அவர் ஒருவர்தான். அவன் கண்ணைப் பார்க்காமல், நீலப் பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உண்மைதான் தம்பி. ஒரு பொண்ணு ஆழத்துக்குப் போயிடுச்சு. இவ கரையில மண்டி போட்டுக் கம்ப நீட்டித்தான் இழுத்தா. இழுத்துப் போட்டுட்டு எழுந்தா, அப்படியே சாஞ்சுட்டா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நான் உங்களைக் கேக்கவே இல்லையே அக்கா."

"நீங்க கேக்க மாட்டீங்க. அவ சொன்னா இல்ல, அதான்."

அவர் போனபின் அவன் பையைத் திறந்தான். துண்டு இன்னும் ஈரமாக இருந்தது. தைல வாசனை அடித்தது. முன்பக்க ஜிப்பில் கை விட்டான். விசில் இல்லை. அது அவள் கழுத்தில் இருந்தது. முதலுதவி அறையில், அவன் காதைக் கொடுத்துக் குனிந்தபோது அது அவன் கன்னத்தில் பட்டது. அவள் அவன் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை விட்டு விட்டு எடுத்து, அவன் கேட்டதற்குத்தான் பதில் சொன்னாள்.

"இந்தத் தடவ நான் குதிக்கலடா. வேணும்னா டிக்கெட் அக்காவக் கேட்டுப் பாரு."